உன் கொள்ளுத்தாத்தா குதிருக்குள் குடித்தனம் நடத்தவில்லை

கிழக்கே கொரட்டூர் ஏரியும் மேற்கே பட்டாபிராம் கேட்டும் எல்லையாக உடைய ஐம்பத்தாறு தேசங்களையும், பிரேக் பிடிக்காத ஒரே சைக்கிளில் கட்டி ஆளும் உன் தகப்பன், ஜபல்பூரில் புதுக்குடித்தனம் போட்டிருக்கும் தன் மூத்த பிள்ளைக்கு எழுதுவது. எஸ்.டி.டி. பூத்திலேயே பேசியிருக்கலாம். ஆனால் அந்தக் கண்ணாடிக் கூண்டுக்குள் சிவப்பு எண்கள் ஓடுவதைப் பார்த்தால் எனக்கு ஜல்தியில் ஏதாவது புளுகத் தோன்றும். வெளியே வரிசையில் நிற்பவன் காதைத் தீட்டிக்கொண்டு நின்றால் புளுகு இன்னும் நீளும். இது புளுகாமல் சொல்ல வேண்டிய சங்கதி. அதனால் கடிதம்.

உன்னையும் மருமகளையும் ரயில் ஏற்ற சென்ட்ரலுக்கு வந்தபோது, தண்ணீர் பாட்டிலை நான் நீட்டியதும் அந்தப் பெண், "மாமா, கை ஏன் இப்படி நடுங்குது?" என்று கேட்டாள். நான் உடனே, "இது நடுக்கம் இல்லம்மா. பட்டாளத்துல ஒரு தடவை ஓடற டேங்கை இந்த ஒத்தக் கையால புடிச்சி நிறுத்தினேன். அது இன்னும் உள்ள ஓடிக்கினே கீது" என்றேன். அவள் சிரித்தாள். நீயும் சிரித்தாய். ரயில் கிளம்பிவிட்டது. கல்யாணமாகி முழுசாக ஒரு மாதம் ஆகாத பெண்ணிடம், அவள் அக்கறையாகக் கேட்ட முதல் கேள்விக்கே ஒரு பொய்யைக் கொடுத்து அனுப்பிவிட்டேன். அது உறுத்திக்கொண்டே இருக்கிறது. உண்மை என்னவென்றால், எனக்குப் பயம். எவ்வளவு பயம் என்று கேட்டால், கூட்ஸ் வண்டியில் ஏற்றினால் கடைசிப் பெட்டி ஆவடியில் நிற்கும்போது இன்ஜின் அரக்கோணத்தைத் தாண்டியிருக்கும், அவ்வளவு. மாசிக் கடைசியில் ராணுவ ஆஸ்பத்திரியில் மருத்துவக் குழுவின் முன்னால் போய் நிற்கச் சொல்லி எனக்கு உத்தரவு வந்திருக்கிறது. ஊனப் பென்ஷன் எனக்கு உண்டா இல்லையா என்பதை அவர்கள்தான் சொல்வார்கள். அதுதான் பயம். அந்த இடத்துக்கு நான் எப்படி வந்து சேர்ந்தேன் என்று நீ முழுசாகக் கேட்டதில்லை. கேட்டிருந்தாலும் நான் டேங்கைப் பிடித்து நிறுத்திய கதையைத்தான் சொல்லியிருப்பேன்.

பட்டாளத்து லாரி டிரைவராக இருந்த என்னை, கை நடுக்கத்தாலும், சத்தம் கேட்டால் உறைந்துபோவதாலும், இனி ஓட்ட லாயக்கில்லை என்று வீட்டுக்கு அனுப்பினார்கள். நீ அப்போது பால்வாடிக்குப் போகிற பிள்ளை. தகரப் பெட்டியோடு வந்து இறங்கியவனைத் தெருவே சூழ்ந்துகொண்டு, "பென்ஷன் எவ்ளோ அண்ணாத்தே?" என்று கேட்டது. பென்ஷன் இல்லை என்று எழுதிய தாள் என் பெட்டியில் இருந்தது. நான் என்ன சொன்னேன் தெரியுமா? "கவர்மெண்டு பாவம், கஷ்டத்துல கீது. நானே வாணாம்னு திருப்பிக் குடுத்துட்டேன்" என்றேன். தெருவே கைதட்டியது. அன்றைக்குச் செய்த அந்தத் தானத்துக்கு, உன் அம்மா இன்றைக்கு வரைக்கும் ரவிக்கைக்கு ஓரம் அடித்துக்கொண்டிருக்கிறாள். இப்போது அவளுக்கு ஊசியில் நூல் கோக்கக் கண் தெரிவதில்லை. பக்கத்து வீட்டுப் பெண் பள்ளிக்கூடம் போகும் முன் வந்து நாலைந்து ஊசியில் நூல் கோத்து வைத்துவிட்டுப் போகிறாள். இந்தப் பென்ஷன் வந்தால் அந்த மெஷினை மூடலாம். எனக்குப் பிறகும் அவள் யார் கையையும் எதிர்பார்க்க வேண்டியதில்லை. நான் எதற்காக இவ்வளவு பயப்படுகிறேன் என்று உனக்குப் புரிய வேண்டும் என்பதற்காகச் சொல்கிறேன்.

அப்போது ஆவடியில் நமக்கு வாய்த்த வீட்டையும் நினைத்துப் பார். உலகத்தில் எத்தனையோ அமைதியான ஊர் இருக்க, சத்தத்துக்குப் பயந்தவன் தேடிப் பிடித்துக் குடிவந்தது டேங்க் ஓட்டிப் பார்க்கிற இடத்துக்குப் பக்கத்தில். புது டேங்க் ஒன்று ஓடினால் நம் வீட்டு அலமாரியில் டம்ளர்களுக்கெல்லாம் பல் தந்தியடிக்கும். அந்த நேரத்தில் நான் குளியலறைக்குள் போய்த் தாழ் போட்டுக்கொண்டு, வாளியைக் கவிழ்த்து அதன்மேல் உட்கார்ந்து, தொண்டை கிழியப் பாடுவேன். "எங்க நைனா குளிச்சாருன்னா கச்சேரி" என்று நீ உன் கூட்டாளிகளிடம் பீற்றிக்கொள்வாய். கச்சேரி முடிந்து வெளியே வரும் பாகவதர் சொட்டு ஈரம் இல்லாமல் வருகிறாரே என்று நீ யோசித்ததில்லை. உன் அம்மாவுக்குத் தெரியும். அவள் துண்டை நீட்டுவாள், நிஜமாகவே குளித்துவிட்டு வந்தவனுக்கு நீட்டுவதுபோல.

நீ வேலைக்குப் போன வருஷம் ஒருநாள் அவள் மெஷினை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தாள். "இந்தாய்யா கர்ணா! கவர்மெண்டுக்கே தானம் குடுத்த மவராசா! எந்திரி, சட்டையப் போடு. அம்பத்தூர்ல ஒரு வக்கீலம்மா கீதாம், பட்டாளத்துக்காரங்க கேஸா எடுத்து நடத்துதாம்."

"கேஸா? இம்மாம் வருசம் கழிச்சா? சிரிப்பாங்கடி."

"சிரிக்கட்டும். சிரிச்சவன் ஊட்ல இருந்தா அரிசி வர்து?"

அந்த வக்கீலம்மாவின் ஆபீஸ் ஒரு லேத் பட்டறைக்கு மாடியில் இருந்தது. கீழே இரும்பு கிறீச்சிடும் ஒவ்வொரு தடவையும் நான் நாற்காலியை இறுகப் பிடித்தேன். அந்த அம்மா அதைக் கவனித்துவிட்டு, எழுந்து போய் ஜன்னலைச் சாத்திவிட்டு வந்து உட்கார்ந்தார். நான் கொண்டுபோன தாள்களை அவசரப்படாமல் புரட்டினார். நிலைமையைச் சரிக்கட்ட நான் இரண்டு மூன்று ஹாஸ்யம் விட்டுப் பார்த்தேன். மகனே, நான் பல ராஜ்ஜியங்களில் பலவிதமான ஜனங்களைப் பார்த்திருக்கிறேன். என் ஹாஸ்யத்துக்குச் சிரிக்காத முதல் ஜீவன் அவர்தான். அங்கேயே எனக்குப் பாதி உயிர் போய்விட்டது.

"சேர்றப்ப உங்களை டாக்டர் பார்த்தாரா?" என்று கேட்டார்.

"பார்த்தாராவா? பல்லைப் புடிச்சிப் பார்த்து, மாட்டுச் சந்தை மாதிரி..."

"நோய் ஏதாவது இருக்குன்னு எழுதினாங்களா?"

"இல்லம்மா. ஒண்ணும் இல்லன்னுதான் எழுதினாங்க."

"அப்ப நல்லபடியா வாங்கிக்கிட்டு, கெடுத்துத் திருப்பி அனுப்பியிருக்காங்க. இது வேலையால வந்தது இல்லைன்னா அதை அவங்கதான் நிரூபிக்கணும். இதை வச்சே நாம நிக்கலாம்." சொல்லிக்கொண்டே அடுத்த தாளைத் திருப்பியவர் நிறுத்திவிட்டார். "இது என்ன? குடும்பத்துல மனநோய் உண்டு, பரம்பரைக் கோளாறு, வேலைக்கும் இதுக்கும் சம்பந்தம் இல்லைன்னு எழுதியிருக்காங்களே. உங்க வீட்ல யாருக்கு?"

யாருக்கும் இல்லை, மகனே. நான்தான் கொடுத்தேன். பட்டாளத்தை விட்டு அனுப்பும் முன்னால் டாக்டர் ஒருவர் என்னைக் கேள்வி கேட்டார். நம் பக்கத்துக்காரர், தமிழிலேயே பேசினார், நல்ல மனுஷர். "வீட்டுல வேற யாருக்காவது இப்படிப் பயம் உண்டா?" என்று கேட்டார். பைத்தியக்கார ஆஸ்பத்திரிக்கு அனுப்பிவிடுவார்களோ என்று நடுங்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். ஏதோ வாய்க்கு வந்ததைச் சொன்னேன், அவர் லேசாகச் சிரித்தார். அவ்வளவுதான், பிடித்துக்கொண்டேன். எங்கள் தாத்தா இடிச்சத்தம் கேட்டால் நெல் குதிருக்குள் இறங்கிவிடுவார், அடைமழைக்காலம் முழுக்க அதற்குள்ளேயே குடித்தனம், என் அப்பனே குதிருக்குள் பிறந்தவர்தான் என்றேன். என் அண்ணன் ஒரு தவளையைப் பார்த்துப் பயந்து தென்னைமரத்தில் ஏறியவன், ஆறு மாதம் இறங்கவில்லை, கயிறு கட்டித்தான் சோறு அனுப்பினோம் என்றேன். டாக்டர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டு சிரித்தார். சிரிக்கிறவன் அடிக்கமாட்டான் என்று நினைத்தேன். தப்பித்தோம் என்று நினைத்தேன்.

இதைக் கேட்டதும் உன் அம்மா தலையில் அடித்துக்கொண்டாள். "அடப் பாவி மனுசா! எங்க மாமனாரு குதிர்ல பொறந்தாரா? நல்லா இருந்த குடும்பத்தையே மென்ட்டல்னு எழுதிக் குடுத்துட்டு வந்துகீறியே!"

வக்கீலம்மா அப்போதும் சிரிக்கவில்லை. "அந்த டாக்டர் சிரிச்சாரா?" என்று மட்டும் கேட்டார்.

"கண்ணுல தண்ணி வர்ற அளவுக்குச் சிரிச்சாரும்மா."

"சிரிச்சுக்கிட்டேதான் இதை எழுதியிருக்காரு," என்றார்.

அதிலிருந்து உனக்கு ஒரு புத்திமதி. உன் ஃபேக்டரியிலோ ஆஸ்பத்திரியிலோ எவனாவது உன்னைக் கேள்வி கேட்டு எழுதினால், அவன் முகத்தைப் பார்க்காதே, பேனாவைப் பார். எழுதி முடித்ததும், "என்ன எழுதினீங்க, படிச்சுச் சொல்லுங்க" என்று கேள். கோபித்துக்கொண்டால் கோபித்துக்கொள்ளட்டும். அன்றைக்கு அந்த டாக்டரிடம் இந்த ஒரு வாக்கியத்தை நான் கேட்டிருந்தால், உன் அம்மாவின் கண் இன்றைக்குக் கொஞ்சம் நன்றாக இருந்திருக்கும்.

நம் குடும்பத்தில் யாருக்கும் அப்படி நோய் இல்லை என்று மூத்தவர் ஒருவர் பிரமாணப் பத்திரம் கொடுக்க வேண்டும் என்றார் வக்கீலம்மா. உயிரோடு இருக்கும் மூத்தவர் யார்? தென்னைமரத்தில் குடியேற்றப்பட்ட அதே அண்ணன்தான், உன் காட்டுப்பாக்கத்துப் பெரியப்பா. நான் போனபோது அவர் மாட்டுக்குத் தவிடு கலக்கிக்கொண்டிருந்தார். தயங்கித் தயங்கிச் சொன்னேன். தவிட்டுக் கையோடு நிமிர்ந்தார்.

"இன்னாடா சொல்ற? நான் தென்னமரத்துல குடியிருக்கலன்னு கோர்ட்டுக்கு எழுதிக் குடுக்கணுமா?"

"ஆமாண்ணா."

"தவளைக்கும் எனக்கும் பகை கெடையாதுன்னும் எழுதணுமா?"

"அது வாணாம்ணா. ஊட்ல யாருக்கும் மனநோய் இல்லன்னு எழுதினா போதும்."

"யாருக்கும் இல்லன்னா? அப்ப உன்னிய இன்னான்னு சொல்றது?" என்று கத்தினார். அண்ணி உள்ளேயிருந்து சிரித்தாள். அக்கம்பக்கம் எட்டிப் பார்த்தது. வழக்கமாக இந்த இடத்தில் நான் ஒன்றுக்கு நான்காகத் திருப்பிக் கொடுத்திருப்பேன். அன்றைக்கு அங்கேயே உட்கார்ந்துவிட்டேன். அவர் கையைக் கழுவிக்கொண்டு வந்து பக்கத்தில் உட்கார்ந்தார். குரல் இறங்கிவிட்டது.

"டேய், உனுக்கு நெஜமாவே பயமா கீதா?"

பட்டாளத்திலிருந்து வந்த இத்தனை வருஷத்தில் அந்தக் கேள்வியை யாரும் என்னிடம் நேராகக் கேட்டதில்லை. நான் கேட்கவிட்டதும் இல்லை. "கொஞ்சூண்டுண்ணா," என்றேன்.

"கொஞ்சூண்டுன்னா நீ எங்கிட்ட வருவியாடா? வக்கீல் ஊடு எங்க கீதுன்னு சொல்லு. கையெழுத்துப் போடறேன்." சட்டையை மாட்டிக்கொண்டு அப்போதே பஸ் ஏறினார். எனக்கும் சேர்த்து அவரே டிக்கெட் எடுத்தார். உன் கல்யாணத்தில் அவர் மண்டபத்து வாசலிலேயே நின்றுகொண்டு என்னைக் கண்காணித்தார் என்று நீ வேடிக்கையாகச் சொன்னாயே, அது கண்காணிப்பு இல்லை. வெடி வைக்க வந்தவர்களையெல்லாம் அவர்தான் விரட்டிக்கொண்டிருந்தார்.

வெடி என்றதும் இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். பரம்பரைப் பயம் என்று அந்த டாக்டரிடம் அளந்தேனே, அது பொய் என்று உலகத்திலேயே நிச்சயமாகத் தெரிந்தவன் நான் ஒருவன்தான். ஆனாலும் ஒவ்வொரு தீபாவளிக்கும் நான் உன்னையேதான் பார்த்துக்கொண்டிருப்பேன். ஒரு வருஷம் எதிர்வீட்டுக்காரன் வைத்த வெடிக்கு நீ காதைப் பொத்திக்கொண்டு ஓடிவந்து என் வேட்டியைப் பிடித்தாய். உலகத்துப் பிள்ளைகள் எல்லாம் செய்வதுதான். எனக்கு மட்டும் அப்படித் தோன்றவில்லை. நான் புளுகியது பலித்துவிட்டதோ, இல்லாத நோயை வாயால் சொல்லிச் சொல்லியே பிள்ளை உடம்பில் ஏற்றிவிட்டோமோ என்று பதறினேன். அன்றைக்கு உன்னைக் கண்டபடி திட்டி, கையில் வெடியைத் திணித்து வைக்கச் சொன்னேன். நீ அழுதுகொண்டே வைத்தாய். அது வெடிக்கும்போது நான் எங்கே இருந்தேன் என்று இப்போது நீயே ஊகித்துக்கொள்வாய். நாளைக்கு உனக்கொரு பிள்ளை பிறந்து, அது எதற்காவது பயந்து ஓடிவந்தால், தூக்கிக்கொள். அதன் முகத்தில் என் முகத்தைத் தேடாதே.

வழக்கு ஹைகோர்ட்டில் வெகுகாலம் நடந்தது. ஒவ்வொரு வாய்தாவுக்கும் மின்சார ரயிலில் போய், தூணோரம் நின்றுவிட்டு வருவேன். ஒருவழியாக, பரம்பரை என்று முடிவு கட்டியது சரியில்லை, இவரைப் புதிதாக ஒரு குழு பரிசோதித்து முடிவு சொல்ல வேண்டும் என்று உத்தரவாயிற்று. ஜெயித்துவிட்டோம் என்று உன் அம்மா கேசரி கிளறினாள். நான் ஒரு வாய்கூடச் சாப்பிடவில்லை. கோர்ட்டில் எனக்காக வக்கீலம்மா பேசினார். அந்தக் குழுவின் அறைக்குள் அவர் வர முடியாது. அங்கே நான்தான் பேச வேண்டும்.

"கதை சொன்னீங்கன்னா இந்தத் தடவை என்னால ஒண்ணும் செய்ய முடியாது," என்று அவர் சொல்லிவிட்டார். "கேட்டதுக்கு மட்டும் பதில். நடந்ததை நடந்தபடி. தைரியசாலி மாதிரி நிமிர்ந்து உக்காராதீங்க. இல்லாத நடுக்கத்தையும் காட்டாதீங்க. ரெண்டுமே பொய்தான்."

"அது என்னால ஆவாதும்மா. எதிர்ல ஒரு ஆள் உக்காந்தாலே எனக்குக் கதை கட்டத் தோணுது."

அவர் பேனாவை மூடி வைத்தார். "இதுவரைக்கும் யார்கிட்ட அதிகமா அளந்திருக்கீங்க?"

"எம் பையன்கிட்டம்மா."

"அப்ப அவர்கிட்ட முதல்ல சொல்லிப் பாருங்க. அவர்கிட்ட சொல்ல முடிஞ்சா எங்கேயும் சொல்லிடலாம்."

அதனால்தான் இந்தக் கடிதம். மூன்று நாளாக எழுதிக் கிழித்துக்கொண்டிருக்கிறேன். உள்ளே போய் ஜெயித்தால், உன் தகப்பன் பயந்தாங்கொள்ளி என்று சர்க்கார் முத்திரை குத்திக் கையில் கொடுப்பார்கள். தோற்றால் பொய்யன் என்று திருப்பி அனுப்புவார்கள். இதில் எதற்கு வேண்டிக்கொள்வது என்று தெரியாமல், ஒருநாள் திருமுல்லைவாயில் கோயிலில் சும்மா நின்றுவிட்டு வந்தேன். உன் அம்மாவிடம் சொன்னதற்கு, "ரெண்டும் நீதானே, இன்னா புச்சா?" என்று சொல்லிவிட்டுத் துணியை வெட்டப் போய்விட்டாள்.

சரி, சொல்லிவிடுகிறேன்.

அது மலைச்சாலை. காலை நேரம். நல்ல வெயில். நாங்கள் வரிசையாக ரேஷன் ஏற்றிக்கொண்டு போய்க்கொண்டிருந்தோம். எனக்கு முன்னால் போன வண்டியை ஓட்டியவன் சுந்தரம். விருதுநகர்ப் பக்கம். முந்தின நாள் அவன் என் போர்வையை வாங்கிக்கொண்டு போயிருந்தான். ஒரு வளைவில் அவன் வண்டி திரும்பியது. தரையிலிருந்து சத்தம் வந்தது. காதில் கேட்பதற்கு முன் அதை நான் காலில் உணர்ந்தேன். பிறகு அங்கே வண்டி இல்லை. புழுதி இருந்தது. கண்ணிவெடி என்று பிறகு சொன்னார்கள். நான் பிரேக் போட்டேன். இறங்கவில்லை. இறங்க வேண்டும் என்று தெரிந்தது. கை ஸ்டீயரிங்கை விடவில்லை. பின்னால் வந்தவர்கள் ஓடிவந்து என்னைக் கூப்பிட்டார்கள். அவர்கள் என் விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்து எடுத்தார்கள். அன்றிலிருந்து தரை அதிர்ந்தால் எனக்கு அந்த இடம் வந்துவிடுகிறது. மூச்சு முட்டுகிறது. கை எதையாவது பிடித்துக்கொள்கிறது, விடுவதில்லை. அதற்கு முன்னால் எனக்கு இப்படி இருந்ததில்லை. என் தாத்தாவுக்கோ அப்பாவுக்கோ அண்ணனுக்கோ இது இல்லை. எனக்கு மட்டும்தான். அந்தச் சாலையில்தான் வந்தது.

இவ்வளவுதான். எழுதி முடித்ததும் படித்துப் பார்த்தேன். எவ்வளவு சின்னதாக இருக்கிறது! இந்தச் சின்ன விஷயத்தை மறைக்கவா இத்தனை டேங்கையும் தவளையையும் கட்டி மேய்த்தேன்? மருமகளிடமும் இதைப் படித்துக் காட்டு. அவள் கேட்ட கேள்விக்கு இதுதான் பதில். கையோடு உன் பயம் ஏதாவது இருந்தால் அதையும் அவளிடம் சொல்லிவை. கல்யாணமான புதிதில் சொல்வது சுலபம். நாளாக நாளாகக் குளியலறைதான் கதி.

இன்னும் ஒன்று. லீவு கிடைத்தால் நீ வர வேண்டும். உத்தரவில் போட்டிருக்கும் தேதியை அம்மா தனியாக எழுதி இதோடு வைத்திருக்கிறாள், நான் எழுதினால் தப்பாகப் போடுவேனாம். அறைக்குள் உன்னை விடமாட்டார்கள். வெளியே பெஞ்சு இருக்குமாம், அதில் உட்கார்ந்திரு. நான் வெளியே வந்ததும், என்ன கேட்டார்கள், என்ன சொன்னீர்கள் என்று என்னைக் கேட்காதே. டாக்டர்களையெல்லாம் எழுந்து நின்று சல்யூட் அடிக்க வைத்தேன் என்று நான் ஆரம்பித்தால், தடுக்காதே, பஸ் வரும் வரைக்கும் அளக்கவிடு. என்னிடம் இருந்த உண்மையெல்லாம் உள்ளேயே செலவாகியிருக்கும்.